மேலூர் ரோட்டில் ஒரு மெழுகுப் பெண்

காலை பதினொன்று பத்துக்குக் காரில் ஏசி நின்றது. ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். கத்திரி வெயில். இடப்பக்கம் யானைமலை வெளிறிப்போய்க் கிடந்தது. முதலில் காற்று வெதுவெதுவென்று வந்தது, பிறகு காற்றே வரவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் மகள் பொத்தானை இரண்டு மூன்று தரம் தட்டிப் பார்த்தாள். பிறகு தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் திருப்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். பின்சீட்டில் நான் இருந்தேன், எனக்குப் பக்கத்தில் முன்பக்கம் திறந்த ஒரு மரப்பெட்டி இருந்தது. அவள் பார்த்தது பெட்டியை.

பெட்டிக்குள் ஒரு மெழுகுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றரை அடி உயரம், கருப்பட்டி நிறம். டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண். வலது கை தலைக்கு மேலே போயிருக்கும். இடது தோளில் பை. பைக்குள் டிபன்பாக்ஸ் இருப்பது பை புடைத்திருக்கிற விதத்திலேயே தெரியும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருப்பாள். கம்பி மட்டும் இன்னும் கிடையாது. அதை எவர்சில்வர் குழாயில் பிற்பாடு பொருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள் மகள். அதனால் அந்த விரல்கள் வெறும் காற்றைப் பிடித்திருந்தன.

மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு வார்ப்புப் பட்டறை இருக்கிறது. அங்கேதான் அவளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். அங்கே அவள் மேல் கண்மாய் வண்டலைப் பூசிப் பூசிக் காயவைப்பார்கள். பிறகு நெருப்பில் காட்டுவார்கள். உள்ளே மெழுகு உருகி ஒரு துளை வழியாக ஓடிப்போகும். அவள் நின்றிருந்த இடம் மண்ணுக்குள் வெறும் பொந்தாக மிஞ்சும். அந்தப் பொந்தில் வெண்கலத்தை உருக்கி ஊற்றுவார்கள். மெழுகில் இருந்த எல்லாம், விரல் ரேகை உட்பட, வெண்கலத்தில் வந்துவிடும். ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். பட்டறைக்குப் போவதற்கு முன்னால் மெழுகு கெட்டால் கெட்டதுதான், அதற்கு மறுபிரதி கிடையாது. மார்கழியில் தொடங்கியதை அப்போதுதான் முடித்திருந்தாள்.

"எம்மா, அவ கையப் பாரு" என்றாள் மகள்.

பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதையும் நன்றாக இருக்கிறது என்று நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. தொட்டுப் பார்க்கவா என்று கேட்டேன். தொட்டுறாத என்று சொன்ன குரலில் அவளும் பயந்திருப்பது தெரிந்தது.

எனக்குப் பயம் புதிதல்ல. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு திருநகரில். மகள் சிற்பம் படிக்கப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் அவள் பக்கம் நின்று பதில் சொல்லிவிட்டு, ராத்திரி படுத்துக்கொண்டு அதே கேள்விகளை எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்து வந்ததும் மேலூர்ப் பக்கம் ஒரு கல்பட்டறையில் கருங்கல்லில் செதுக்கப் போனாள். சாயங்காலம் புருவமெல்லாம் வெளுத்து வீட்டுக்கு வருவாள். மூக்கை மூடிக்கொண்டாயா என்பதுதான் அவளிடம் என் முதல் கேள்வி. அந்தத் தூள் நுரையீரலில் போய் உட்காருவதை நான் மனசுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆகவே அவள் ஒருநாள் தேன்மெழுகு வாங்கிக்கொண்டு வந்தபோது எனக்கு அம்புட்டு நிம்மதி. மெழுகு யாரை என்ன செய்துவிடும்? என்னுடைய பழைய இட்லிக் கொப்பரையை எடுத்துக்கொண்டாள். அதில் மெழுகோடு குங்கிலியத்தையும் கொஞ்சம் கடலெண்ணெயையும் போட்டு உருக்குவாள். வீடு முழுக்க ஏதோ கோயிலும் பலகாரக்கடையும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி மணக்கும். குங்கிலியம் கூடினால் மெழுகு கெட்டியாகும், எண்ணெய் கூடினால் இளகும். பனிக்காலத்தில் எண்ணெயைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் விரலுக்கு வளையாமல் முறியும். வெயில் ஏற ஏறக் குங்கிலியத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். தலை, உடம்பு, கை, கால் என்று தனித்தனியாகச் செய்து கடைசியில்தான் ஒட்டுவார்கள். அவள் எல்லாவற்றுக்கும் முதலில் செய்தது அந்த வலது கையைத்தான். மார்கழிப் பனியில், எண்ணெய் கூடிய மெழுகில்.

கல்லில் வேண்டாததை எடுக்கிறார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. மெழுகில் வைக்கலாம், எடுக்கலாம், மனசு மாறலாம். ஆனால் எல்லாம் சரியாக வந்தபிறகு அதை நெருப்பில் விட்டுவிட வேண்டும். இத்தனை மாதம் பார்த்துப் பார்த்துச் செய்ததை உருக்குவதற்கென்றே செய்திருக்கிறாள் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்த அன்றைக்கு அடுப்படியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அந்தப் பெண் யார் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பங்குனியில் கால்களை ஒட்டியபிறகு ஒருநாள் பார்த்தேன். உடம்பின் பாரம் முழுக்க வலது காலில் இருந்தது. இடது குதிகால் தரையில் பட்டும் படாமலும் நின்றது. எனக்கு இடது குதிகால் வலி உண்டு. பஸ்ஸில் இடம் கிடைக்காத நாளில் அப்படித்தான் நிற்பேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது, அதனால் மனசைத் தேற்றிக்கொண்டேன். எத்தனையோ பெண்களுக்குக் குதிகால் வலிக்கிறது.

ஒத்தக்கடையிலிருந்து கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டியின் முன்மூடியிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தினாள். நல்லவேளை, பக்கத்தில் ஒரு வேப்பமரமும் அதன் கீழே ஒரு தர்பூசணிக் கடையும் இருந்தன. நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியை நிழலுக்குத் தூக்கிப் போனோம். தூக்கும்போதே பார்த்துவிட்டேன். அந்த வலது கை, கம்பியைப் பிடிக்க வேண்டிய கை, லேசாகச் சாய்ந்திருந்தது. பஸ்ஸில் கண் அசந்த ஒருத்தியின் கை மாதிரி. உடம்பு, தலை, மற்ற எல்லாம் அப்படியே நின்றன. மார்கழியில் செய்த கை மட்டும் சித்திரை வெயிலுக்குத் தளர்ந்துகொண்டிருந்தது.

தர்பூசணிக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். சாமியா என்று கேட்டார். இல்லை, பஸ்ஸில் நிற்கிற பெண் என்று மகள் சொன்னாள்.

"அதுக்கு எதுக்குத் தாயி செலை? தெனம் ஆயிரம் பேரு நிக்கிறாக."

"அதுக்குத்தாண்ணே" என்றாள்.

அவர் பழத்தின் மேல் போட்டிருந்த ஈரச்சாக்கை உருவிக் கொடுத்தார். நான் ஐஸ் கேட்டேன். தன் ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார், மகள் பாய்ந்து தடுத்துவிட்டாள். ஐஸ் பட்டால் மெழுகில் விரிசல் விடும், பானைத் தண்ணீர் போதும் என்றாள். சாக்கைப் பெட்டியைச் சுற்றிக் கட்டினோம். முடிச்சை அவளே போட்டாள்.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டாள். அவருக்கு என் வயதிருக்கும். எப்போது பேசினாலும் எதையாவது சொல்லிச் சிரிக்கவைப்பவர். போனை நான்தான் அவள் காதருகே பிடித்திருந்தேன், அவர் பேசியது எனக்கும் கேட்டது. முதல் கேள்வியே, உருப்படி தண்ணீரில்தானே கிடக்கிறது என்பதுதான். வெயில் காலத்தில் மெழுகு உருப்படியை அகலத் தொட்டியில் தண்ணீர் விட்டுப் படுக்க வைத்துத்தான் கொண்டுபோவார்கள். அதை அவர் முன்னாலேயே இவளிடம் சொல்லியிருந்தார். நானும் வீட்டில் பெரிய தொட்டி ஒன்றைக் கழுவி வைத்திருந்தேன். கிளம்புகிற காலையில், படுக்க வைத்தால் அடிப்பீடம் விண்டுபோகும் என்று ஏதோ காரணம் சொல்லி இவள் மரப்பெட்டியை எடுத்து வந்துவிட்டாள்.

"இல்லண்ணே" என்றாள். "நிக்குது."



"பஸ்ஸுலதான் நிக்குது பாவம். கார்லயுமா நிக்கணும்?" என்றார் அவர். பிறகு சிரிப்பில்லாமல், எங்கே நிற்கிறோம் என்று கேட்டுக்கொண்டார். தான் வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகவும், அதுவரை உருப்படியைத் தண்ணீரில் படுக்கப் போடும்படியும் சொன்னார். "வாரேன்" என்று வைத்துவிட்டார்.

தர்பூசணிக்காரரிடம் பழம் கழுவுகிற பெரிய தொட்டி ஒன்று இருந்தது. நாங்கள் கேட்பதற்குள் அவரே அதைக் கவிழ்த்து அலசி, பானைத் தண்ணீரை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். நான் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கப் போனேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

"வேணாம்மா."

"அவர் சொல்றாருல்ல?"

"என்னால முடியாது."

அவளுக்குச் சாமி நம்பிக்கை, சகுனம் எதுவும் கிடையாது. ராகுகாலத்தில் ஊருக்குக் கிளம்புவாள். பூனை குறுக்கே போனால் அதைக் கொஞ்சிவிட்டுப் போவாள். அப்படிப்பட்டவள் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்கள் நிறைந்திருந்தன.

"சேலை கட்டின பொம்பளையத் தண்ணியில மல்லாக்கப் படுக்க வச்சு, நான் தலைமாட்டுல நின்னு பாக்கணுமா?" என்றாள். "ஒரு தடவ பாத்துட்டேன்ல. போதும்."

போன ஐப்பசியில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். முடிந்து வெளியே கொண்டுவந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. மறுபடியும் உள்ளே கொண்டுபோனார்கள். எனக்கு அதில் பாதி நினைவில்லை. தள்ளுவண்டியில் படுத்தபடி மேலே பார்த்தபோது தலைகீழாகத் தெரிந்த இவள் முகம் மட்டும் நினைவிருக்கிறது. ஈரத்துணியால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கூட நடந்து வந்தாள். விடுப்பு முடிந்து மார்கழியில் மறுபடி ஆபீஸ் போகத் தொடங்கினேன். முதல்நாள், தல்லாகுளத்தில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டு என் பஸ்ஸிலேயே ஏறி எனக்குப் பின்னால் நின்றுகொண்டு வந்தாள். கூட்டம். நான் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் அப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றாள். அந்த வாரம்தான் இட்லிக் கொப்பரையைக் கேட்டாள்.

இதெல்லாம் அந்த வேப்பமரத்தடியில்தான் எனக்கு ஒன்றோடொன்று சேர்ந்தது. குதிகாலைப் பார்த்தபோது சந்தேகம்தான். இப்போது அவளே சொல்லிவிட்டாள். சாலையில் லாரிகள் கருங்கல் பாளங்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பாளமும் ஓர் அறை அளவுக்கு இருந்தது. அம்புட்டுக் கனத்துக்குப் பக்கத்தில், ஒரு வெயிலுக்குத் தாங்காத ஒன்றரை அடி மெழுகு. அதற்குள் என்னை எழுப்பி நிறுத்தி வைத்திருந்திருக்கிறாள்.  தொட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

கை இன்னும் சாய்ந்தது. முழங்கை மடங்கி விரல்கள் நெற்றிக்கு அருகே வந்துவிட்டன. இனி அதை நிமிர்த்தினால் தோளில் விரிசல் விடும் என்று மகள் சொன்னாள். பிறகு கருவிப்பையைத் திறந்து மெல்லிய இரும்புத் தகடு ஒன்றை எடுத்தாள். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்துத் தகட்டின் நுனியை அதில் காட்டினாள். நான் என்னவென்று புரிந்துகொள்வதற்குள் தோளோடு சேர்த்து அந்தக் கையை அறுத்து எடுத்துவிட்டாள்.

என் வலது தோளை நான் பிடித்துக்கொண்டேன்.

அறுத்த கையை ஈரச்சாக்கின் மேல் வைத்தாள். பையிலிருந்து ஒரு மெழுகு உருண்டையை எடுத்தாள். அது குங்கிலியம் கூடிய மெழுகு, வெயிலுக்கென்று உருக்கியது. உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தாள், உருட்டினாள், நீட்டினாள். தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தாள். சமைக்கும்போது சப்பாத்தி மாவு உருட்டத் தெரியாத கைகள் அவை. அந்தக் கைகள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலால் ஓர் அழுத்து, அங்கே முழங்கை வந்தது. நகத்தால் ஒரு கீறல், வளையல் இறுகிய தடம் வந்தது. ஒரு நொடிக்கு முன்னால் வெறும் உருண்டையாக இருந்ததற்கு இப்போது நரம்பு இருந்தது. எங்கிருந்து வருகிறது அது? அவள் கையிலிருந்தா, மெழுகுக்குள்ளிருந்தா? பெற்றவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரியவில்லை.

திடீரென்று நிறுத்திவிட்டாள். தோள் சரியாக வரவில்லை. கை மேலே போகும்போது அக்குளுக்குப் பக்கத்தில் ரவிக்கை எப்படி இழுபடும் என்று மறந்துவிட்டது என்றாள். மார்கழியில் நினைவிலிருந்து செய்தது, இப்போது பதற்றத்தில் வரமாட்டேன் என்கிறது.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று தெரிந்தது. நான் என் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டேன். மரத்தடியில் தாழ்ந்த ஒரு கிளை இருந்தது. போய் அதை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். குதிகால் தானாகவே எழும்பிக்கொண்டது.

"அப்படியே நில்லும்மா" என்றாள்.

நின்றேன். அவள் என்னைப் பார்ப்பாள், மெழுகைப் பார்ப்பாள், மறுபடி என்னைப் பார்ப்பாள். பிள்ளைகள் தாயை அப்படிப் பார்ப்பதில்லை. என் முகம், என் வயது, நான் சொன்ன புத்திமதிகள் எதுவும் அந்தப் பார்வையில் இல்லை. ஓர் எலும்பு எங்கே முடிந்து சதை எங்கே தொங்கத் தொடங்குகிறது என்று மட்டும் பார்த்தாள். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. அதே நேரத்தில், என்னை என் வாழ்நாளில் யாரும் இம்புட்டுக் கவனமாகப் பார்த்ததில்லை என்றும் தோன்றியது. ஆஸ்பத்திரியில்கூட.

தர்பூசணிக்காரர் ஒரு துண்டு பழம் நீட்டினார், இடது கையால் வாங்கிக்கொள்ளச் சொன்னார். "பஸ்ஸு இப்ப வராது போலிருக்கேக்கா" என்றார். சிரிக்கக்கூடாது என்று மகள் அதட்டினாள், தோள் ஆடுகிறதாம். சாலையில் போன டவுன் பஸ் ஒன்றிலிருந்து சில முகங்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தன. கிளையைப் பிடித்துக்கொண்டு நான். பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள்.

புதுக் கையை ஒட்டியபோது அது பழையதைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. மேல்கையில் சதை தொங்கியது. மார்கழியில் அவள் நினைவிலிருந்து செய்த கைக்கு அது இல்லை. அப்போது என்னைக் கொஞ்சம் இளமையாக வைத்திருந்தாள் போல. இணைப்பில் சூடான தகட்டை ஓட்டி, பானைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு தன் கையை எடுத்தாள். அந்தக் கை நின்றது.

ஆனால் வெயில் அப்படியேதான் இருந்தது. நிழலிலும் அனல். மெழுகின் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மினுமினுப்பு ஏறத் தொடங்கியது. அது வந்துவிட்டால் மடிப்புகள் மழுங்கத் தொடங்கும் என்றாள். அவளும் தொட்டியைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். படுக்க வைத்துவிடு, எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே அது வரவில்லை. கிளையை விட்டுவிடலாம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நான் நின்றுகொண்டிருந்தால் அதுவும் நிற்கும் என்று ஏதோ ஓர் எண்ணம்.

அப்போதுதான் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு குட்டியானை வண்டி வந்து ஓரங்கட்டியது. பின்னால் அகலமான அலுமினியத் தொட்டி, உள்ளே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் இறங்கி வந்தார். முழங்கை வரைக்கும் காய்ந்த வண்டல். பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து சாக்கை விலக்கிப் பார்த்தார்.  புதுக் கையைப் பார்த்தார், குதிகாலைப் பார்த்தார். அறுத்து வைத்திருந்த பழைய கையையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, கிளையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

ஏன் படுக்க வைக்கவில்லை என்று என் மகளிடம் அவர் கேட்கவில்லை. அவளே, முடியலண்ணே, பொணத்தப் போடுற மாதிரி இருக்கு என்று மெதுவாகச் சொன்னாள். அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா உங்க வயித்துல தண்ணிக்குள்ளதானக்கா கெடந்துச்சு" என்றார். "எந்திரிக்காமயா போச்சு? இப்ப நீங்க கொஞ்ச நேரம் கெடங்க."